ஃபிங்கர் சர்வர்: உள்ளே கேட்டால் எல்லாம் வருகிறது, வெளியிலிருந்து கேட்டால் "நோ பிளான்"

மணல்வீடு:
வணக்கம். கல்லூரிக் கூட்டாளிகள் சேர்ந்து ஒரு சின்ன வாடகை சர்வர் வைத்திருக்கிறோம், உபுண்டு 22.04. பழைய யுனிக்ஸ் மோகத்தில் அதில் ஃபிங்கர் டீமன் போட்டேன், அதாவது பயனர் பெயரைக் கேட்டால் அவர் விவரத்தைச் சொல்லும், பின்னணியில் ஓடும் நிரல். இணைப்பு வரும்போது நிரலை எழுப்பும் ஐநெட்டிடி வழியாக ஓடுகிறது, போர்ட் 79 திறந்திருக்கிறது. சிக்கல் இதுதான்:

சர்வருக்குள் லாகின் செய்து ஃபிங்கர் என்று அடித்து என் பெயரைக் கொடுத்தால் என்னைப் பற்றி நான் எழுதி ஹோம் டைரக்டரியில் வைத்த டாட் பிளான் கோப்பு முழுசாக வருகிறது. வீட்டு லேப்டாப்பிலிருந்து கேட்டால் பெயர், ஷெல் எல்லாம் வந்து கடைசியில் "நோ பிளான்" என்று நிற்கிறது. கோப்புக்கு 644 பெர்மிஷன் (எல்லோரும் படிக்கலாம்) கொடுத்தாயிற்று. இன்னொரு நண்பன் தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்று டாட் நோஃபிங்கர் கோப்பு வைத்தான். ஆனாலும் வெளியே அவன் விவரம் தெரிகிறது, வீட்டு ஃபோன் நம்பரோடு! நேற்றிலிருந்து என்னைப் பிடித்து வாட்டுகிறான். யாராவது வழி சொல்லுங்கள்.

கயிற்றுக்கட்டில்:
2026-லும் ஃபிங்கரா? 1988 நவம்பர் 2-ல் இணையத்தில் பரவிய மோரிஸ் வார்ம் ஞாபகம் இருக்கா? ஃபிங்கர் டீமனில் 512 பைட் பஃபருக்குள் (தற்காலிக நினைவிடம்) 536 பைட்டைத் திணித்தும் அந்தக் கால வாக்ஸ் மெஷின்களுக்குள் புகுந்தது. பேசாம மூடிவிட்டு ஒரு எச்டிஎம்எல் பக்கம் போடுங்க ப்ரோ.

பழையமோடம்:
அந்த ஓட்டையை அப்போதே அடைத்துவிட்டார்கள் தம்பி. கெட்ஸ் என்று ஒரு சி ஃபங்ஷன், வருகிற வரி எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளும். அதனால் வந்த வினை. இன்றைக்கு ஃபிங்கரில் கவலைப்பட வேண்டியது வேறு. அது கேட்டவருக்கெல்லாம் கேட்டதைச் சொல்லிவிடும், அதற்காகவே எழுதப்பட்ட சர்வீஸ்.

மணல்வீடு, உங்கள் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். உள்ளே வெறும் பெயரைக் கொடுத்துக் கேட்கும்போது டீமன் பக்கமே போகவில்லை. ஃபிங்கர் கட்டளை உங்கள் பயனராகவே ஓடி உங்கள் கோப்பைப் படிக்கிறது. வெளியிலிருந்து கேட்டால் ஐநெட்டிடி அதை "நோபடி" என்ற, தனி உரிமை இல்லாத பயனராக ஓட்டும். உங்கள் ஐநெட்டிடி கான்ஃப் வரியில் நோவெயிட்டுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள், தெரியும்.

உபுண்டுவில் 21.04-லிருந்து புது பயனரின் ஹோம் டைரக்டரி 750, உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும் நுழையலாம். நோபடி அதற்குள் காலே வைக்க முடியாது. உள்ளே கோப்புக்கு 644 கொடுத்தாலும், 777 கொடுத்தாலும் ஒன்றுதான். வாசல் கதவு பூட்டியிருக்கிறது.

இப்போது நண்பர் விஷயம். நோஃபிங்கர் கோப்பைக் கண்ணால் பார்த்தால்தானே ஃபிங்கர் அவரை மறைக்கும்? அதுவும் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது. ஆனால் பெயர், ரூம் நம்பர், ஃபோன் எல்லாம் பயனர் விவரங்கள் உள்ள பாஸ்வேர்ட் கோப்பில் இருக்கிறது, அதை எல்லோரும் படிக்கலாம். ஆக, ஹோம் டைரக்டரியை இறுக்க இறுக்க நோஃபிங்கர் செத்துப்போகிறது. மேனுவலிலேயே இருக்கிறது, கடைசியில், கோப்புகள் பகுதியில். அதுவரை யார் படிக்கிறார்கள்!

சோதித்துப் பாருங்கள்: உள்ளேயே இருந்துகொண்டு பெயருக்குப் பின்னால் அட் லோக்கல்ஹோஸ்ட் சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் டீமன் வழியாகப் போகும். பிளான் விஷயத்தில் வெளியே வரும் அதே விடை வரவேண்டும்.

மணல்வீடு:
அண்ணா, அதேதான்! லோக்கல்ஹோஸ்ட் போட்டதும் இங்கேயும் "நோ பிளான்". இருவர் ஹோமுக்கும் 711 (மற்றவர்கள் உள்ளே கடந்து போகலாம்) கொடுத்ததும் பிளான் வந்துவிட்டது, நண்பனும் மறைந்துவிட்டான். ஆனால் இப்போது புது வம்பு. என் பிளான் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். லேப்டாப்பில் தமிழ் வரிகள் எல்லாம் குப்பையாக வருகின்றன. சர்வரில் லோக்கேல் (மொழி அமைப்பு) யூடிஎஃப்-8 தான்.

தறிநாடா:
சர்வரைக் குறை சொல்லாதீங்க. நெட்கேட் (போர்ட்டோடு நேரடியாகப் பேசும் கருவி) வைத்து போர்ட் 79-க்கு நேராகப் போய், பயனர் பெயரை அடித்து என்டர் தட்டிப் பாருங்க.

மணல்வீடு:
அட, நெட்கேட்டில் தமிழ் சுத்தமாக வருகிறது. அப்போ ஃபிங்கர் கிளையன்ட் ஏன் கெடுக்கிறது?

தறிநாடா:
ஃபிங்கருக்கான நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 1288, 1991-ல் வந்தது. அதில் கிளையன்ட் 32 முதல் 126 வரை எண்ணுள்ள ஆஸ்கி எழுத்துகள், டேப், வரிமுடிவு இதை மட்டும் காட்டி மிச்சத்தை வடிகட்ட வேண்டும் என்று இருக்கிறது. காரணம் நியாயமானது. யாரோ ஒருத்தன் தன் பிளானில் எஸ்கேப் குறிகளைப் போட்டு, படிக்கிறவன் டெர்மினலைக் குலைத்துவிடக்கூடாது. ஆனால் யூடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், மூன்றும் 127-க்கு மேல். ஒன்றுகூட வடிகட்டியைத் தாண்டாது. மாற்றமும் வேண்டுமானால் செய்யலாம் என்று அதே ஆவணம் இடம் கொடுக்கிறது, ஆனால் பழைய கிளையன்ட்கள் அந்தப் பக்கம் போகவில்லை. தமிழ் படிக்க வேண்டியவர்களுக்கு நெட்கேட் போதும்.

பழையமோடம்:
நோஃபிங்கரோடு நிறுத்தாதீர்கள். பயனர் சேர்க்கும்போது ஆட்யூசர் முழுப்பெயர், ரூம், ஆபீஸ் ஃபோன், வீட்டு ஃபோன் என்று வரிசையாகக் கேட்டிருக்கும், நண்பர் பவ்யமாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருப்பார். சிஎச்எஃப்என் கட்டளையில் ஃபோனையும் ரூமையும் அவரே அழித்துக்கொள்ளலாம். முழுப்பெயரை மாற்ற மட்டும் ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும்.

இன்னும் சில. லாகின் பெயர் தெரியாவிட்டாலும் குமார் என்று கேட்டால், முழுப்பெயரில் குமார் உள்ள எல்லாரையும் ஃபிங்கர் காட்டும். கடைசியாக எந்த முகவரியிலிருந்து லாகின் ஆனார் என்பதையும் சேர்த்துச் சொல்லும். எனக்கு இதுதான் ஃபோன் நம்பரைவிட உறுத்துகிறது. பெயரே கொடுக்காமல் கேட்டால் அந்த நேரம் உள்ளே இருக்கிறவர்கள் பட்டியல் முழுக்க வரும். இந்தப் பட்டியலை நிறுத்த டீமனுக்கு மைனஸ் யூ (-u) என்ற விருப்பத்தைக் கொடுங்கள்.

கயிற்றுக்கட்டில்:
இதுக்குத்தான் மூடச் சொன்னேன் 😀

தறிநாடா:
மூட வேண்டாம், வேறு வழி இருக்கு. டீமனுக்கு மைனஸ் பி (-p) கொடுத்தால் உண்மையான ஃபிங்கருக்குப் பதிலாக நாம் சொல்கிற நிரலை ஓட்டும். சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்க. பிளான்களுக்கென்று தனியாக ஒரு டைரக்டரி, அதில் ஆளுக்கு ஒரு கோப்பு. ஸ்கிரிப்ட் அதை மட்டும் படித்துக் காட்டும். கோப்பு இல்லாதவன் வெளியே இல்லாதவன். ஹோமை மறுபடி 750-க்கே மாற்றிவிடலாம், பாஸ்வேர்ட் கோப்புப் பக்கமே போக வேண்டாம்.

ஒன்று மட்டும் முக்கியம்: வருகிற பெயரில் சின்ன எழுத்தும் எண்ணும் தவிர வேறு எது இருந்தாலும் அங்கேயே வெளியேறிவிடுங்க. இல்லாவிட்டால் எவனாவது இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு வேறு கோப்பைக் கேட்பான்.

மணல்வீடு:
தறிநாடா சொன்னபடி செய்துவிட்டேன், வேலை செய்கிறது. பிளான் டைரக்டரிக்கு 755, உள்ளே அவரவர் கோப்பு அவரவர் பெயரில் 644. நண்பன் தன் கோப்பை வைக்கவில்லை, வெளியிலிருந்து அவன் பெயரைக் கேட்டால் ஒன்றும் வரவில்லை. விண்டோஸில் ஃபிங்கர் கூடவே வருகிறதே என்று ஆபீஸிலிருந்தும் முயன்றேன், அங்கே இணைப்பே கிடைக்கவில்லை. அது இந்தச் சிக்கலோடு சேர்ந்ததா?

பழையமோடம்:
இல்லை. வெளியே போகும் போர்ட் 79-ஐ ஆபீஸில் அடைத்திருப்பார்கள். அந்த விண்டோஸ் ஃபிங்கரையே வைத்து மால்வேர் இறக்கிய கதையெல்லாம் உண்டு, அதனால் பல இடங்களில் மூடிவிடுகிறார்கள். மொபைல் நெட்டில் பாருங்கள்.

மணல்வீடு:
மொபைல் நெட்டில் வருகிறது. நன்றி அண்ணா, நன்றி தறிநாடா.