வள்ளத்து இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக மாற்றுவதா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்

பாம்பன் உறுப்பினர்:

எங்களுடையது நண்டு வலைக்குப் போகும் ஃபைபர் வள்ளம். அதில் இருப்பது காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின். சென்ற வாடைக் காலத்தின் பாதியிலேயே அது விடியற்காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கத் தொடங்கியது, ஆயில் குடித்தது, சைலன்சரில் நீலப் புகை தள்ளியது. கரையில் நின்று பார்த்தவர்கள் அனைவரும், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "இதில் இனிமேல் காசு போடாதே, புதிதாக வாங்கிவிடு" என்றே சொன்னார்கள். நான் அதைப் பிரித்துச் சரிசெய்து, இன்றும் அதே இன்ஜினில்தான் தொழிலுக்குப் போகிறேன். அப்படி முடிவெடுத்த காரணங்களை எழுதுகிறேன். மாற்றியவர்கள் தங்கள் காரணங்களையும் எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

புகையை மட்டும் பார்த்து இன்ஜினின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. கறுப்புப் புகை வந்தால், விசிறியில் (தண்ணீரைத் தள்ளும் ப்ரொப்பல்லரில்) நைலான் நூல் சுற்றியிருக்கலாம். வள்ளத்தின் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிறு சிப்பி) படிந்து இழுவை கூடியிருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இவற்றில் எதற்கும் இன்ஜினைத் திறக்க வேண்டியதே இல்லை. வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல். டீசலைத் தூவும் நாசில் கெட்டிருந்தாலும் வரும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்திருந்தாலும் வரும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆனால் அந்த ஆயில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி மேலே ஏறுகிறதா, வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாகக் கீழே இறங்குகிறதா என்பதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும். இரண்டாவது வகையென்றால் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) மட்டும் கழற்றினால் போதும்.

எங்கள் மெக்கானிக் நாசில் இருக்கும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிதளவு இன்ஜின் ஆயிலை விட்டு, மீண்டும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். அதுவரை தொளதொளவென்று சுற்றிய கைப்பிடி கனத்து நின்றது. ஆயில் போய் இடைவெளியை அடைத்ததும் கம்ப்ரஷன் ஏறுகிறது என்றால் தேய்ந்திருப்பது ரிங்கும் போரும்தான் (சிலிண்டரின் உட்சுவர்), வால்வு அல்ல என்று அதிலேயே தெரிந்துவிட்டது. (ஆயிலை அதிகமாக ஊற்றிவிட்டுக் கைப்பிடியை வேகமாகச் சுற்றக் கூடாது. டீசல் இன்ஜினின் சிலிண்டர் தலைக்குள் இருக்கும் இடம் மிகக் குறைவு. நிறைந்துவிட்டால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும்.)

பிரித்த பிறகு பேரலின் (சிலிண்டர் குழலின்) உட்புறத்தில், மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், தெளிவாகத் தடுத்தது. அதற்குக் கீழே போர் கண்ணாடி போல வழவழத்துக் கிடந்தது. ஆயிலைப் பிடித்து வைக்கும் குறுக்குக் கோடுகள் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கிராங்க் பின்னில் (கிராங்க் ஷாஃப்ட்டில் கனெக்டிங் ராட் பிடிக்கும் இடத்தில்) கோடோ நீல நிறமோ இல்லை. இராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தபோதும் அந்தப் பின்னின் வட்டம் கெடாமல், கையேடு சொல்லும் வரம்புக்குள்ளேயே இருந்தது. அந்த அளவைப் பார்த்த பின்னர்தான் சரிசெய்வது என்று தீர்மானித்தேன். 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் பண்ணி (சிலிண்டர் துளையைக் கடைந்து அகலமாக்கி), அதற்குரிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, பேரிங் மாற்றி, வால்வுகளை லேப்பிங் செய்து (தேய்த்துப் பொருத்தி) முடித்ததில், புதிய இன்ஜின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செலவானது.

காலக் கணக்கு இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாம் கடலுக்குப் போகலாம், நம் மீனுக்கு விலையும் அப்போதுதான் நன்றாகக் கிடைக்கும். அதே நாட்களில் பட்டறைகள் எல்லாம் விசைப்படகு இன்ஜின்களால் நிறைந்திருக்கும். நம் ஒற்றைச் சிலிண்டரை மூலையில் தள்ளிவைத்துவிடுவார்கள். ஆகவே, பிரிப்பதாக இருந்தால் மார்ச் மாதத்துக்குள் பிரித்துவிட வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டேன்.

கீழக்கரை உறுப்பினர்:

பாம்பன் தம்பி எழுதியது சரிதான், ஆனால் எங்கள் இன்ஜினில் கிராங்க் நன்றாக இருந்தும் மாற்ற வேண்டியதாயிற்று. கிராங்க் கேஸின் (கிராங்க் சுழலும் கூட்டின்) கால், அதாவது இன்ஜினைப் பலகையோடு இறுக்கும் போல்ட் போகும் இடம், விரிசல் விட்டுவிட்டது. அது அலுமினிய வார்ப்பு. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் ஏற்கெனவே ஒருமுறை வெல்டிங் வைத்திருந்தார் என்பது பெயின்ட்டைச் சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. பல ஆண்டு ஆயில் ஊறிய அலுமினியத்தில் எவ்வளவு சுத்தம் செய்து வெல்டிங் வைத்தாலும் உள்ளே குமிழ் விழும். இன்ஜினின் அதிர்வில் அதே இடம் மறுபடி திறந்துகொள்ளும். புதிய கிராங்க் கேஸ் மட்டும் தனியாக வாங்கலாமா என்று விசாரித்தோம். அதன் விலையோடு பிரித்துக் கோக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய இன்ஜினுக்கு அருகில் வந்து நின்றது.

மாற்றுகிறவர்கள் கடைக்காரர் சொல்லும் விலையை முழுச் செலவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழையதைத் தூக்கியபோது அதன் அடியில் இருந்த மரப்பலகை ஆயிலும் உப்புநீரும் குடித்து உளுத்திருந்தது, அதை மாற்றினோம். புதிய இன்ஜினின் போல்ட் துளைகள் பழைய இடத்தில் வந்து அமரவில்லை. அதன் குதிரைத்திறன் சற்றுக் கூடுதல் என்பதால் பழைய விசிறியோடு ஒத்துப்போகவும் இல்லை. முழு வேகத்துக்கு ஏறாமலே முனகிக்கொண்டு கறுப்புப் புகை விட்டது. விசிறியையும் மாற்றிய பிறகுதான் அது தன் சுற்றுக்கு வந்தது. ஷாஃப்ட்டை நேராக அமர்த்த ஆன கூலி தனி.

காகிதம் சம்பந்தமாக ஒரு செய்தி. வள்ளத்தின் பதிவில் இன்ஜின் விவரமும் இருப்பதால், மாற்றியதும் மீன்வளத் துறை அலுவலகத்தில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். மானிய டீசல் முதல் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு. மாற்றுவது என்று முடிவெடுத்தால், கடைக்குப் போவதற்கு முன்பே அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

வாலிநோக்கம் உறுப்பினர்:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன விரிசல் எங்கள் பக்கம் அரிது. நான் உப்பளத்தில் நீர் இறைக்கும் இன்ஜினை வைத்து எழுதுகிறேன். வள்ளக்காரர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும், நீரால் குளிரும், கனத்த வார்ப்பிரும்பு இன்ஜின். அதில் லைனரை (சிலிண்டருக்குள் இருக்கும் குழலை) தனியாக உருவி எடுக்கலாம். போர் தேய்ந்தால் போர் பண்ண வேண்டியதில்லை. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக வாங்கி மாட்டினால் சிலிண்டர் புதிதாகிவிடும். வள்ளத்தில் ஓடும் இலகுவான இன்ஜினோ ஏறத்தாழ 3000 சுற்றில் ஓடுகிறது. தேய்மானமும் அதற்கேற்ப வேகமாகத்தான் வரும். மெதுவாக ஓடும் கனத்த இன்ஜினை மாற்றச் சொல்கிறவர் பேச்சை நான் எளிதில் கேட்க மாட்டேன். எங்களுக்கு மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடும். அவசரமில்லாமல் பிரித்துப் பார்க்க அது வசதி.

ஒரே ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் கிடைக்கிறதே என்று உப்புப் பாத்தித் தண்ணீரைக் குளிர்நீராக விடாதீர்கள். சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள் உப்பு கட்டி, நீர் போகும் வழி அடைத்துக்கொள்ளும். அப்படி ஓடிய இன்ஜின் ஒன்றைத் திறந்தபோது லைனரின் வெளிப்புறம் முழுவதும் அரித்துக் குழிகுழியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நன்னீர் டிரம் வைத்துச் சுழல விடுவதுதான் முறை.

தொண்டி உறுப்பினர்:

நீங்கள் மூவரும் செலவைக் கணக்கிடுகிறீர்கள். பாக் நீரிணையில் தொழில் செய்கிறவனுக்கு வேறொரு கணக்கும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கி.மீ. மட்டுமே, 1974 ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக்கோடு நடுவில் கிடக்கிறது. இன்ஜின் நின்றுவிட்டால் நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. உப்பளத்தில் இன்ஜின் நின்றால் ஒரு நாள் வேலை கெடும். இங்கே வள்ளமும் ஆட்களும் திரும்பி வருவதே கேள்வியாகிவிடும். அதனால், சரிசெய்த பிறகும் நடுக்கடலில் ஒருமுறை காரணம் தெரியாமல் நின்ற இன்ஜினை நான் வைத்துக்கொள்ளவில்லை. காரணம் தெரிந்து நின்றிருந்தால், அது டீசலில் தண்ணீர் கலந்ததாகவோ குழாயில் காற்று ஏறியதாகவோ இருந்திருந்தால், நிச்சயம் வைத்திருப்பேன்.

மண்டபத்தில் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர்:

தொண்டி அண்ணன் சொல்வதை மறுக்க முடியாது. ஆனாலும் 'காரணம் தெரியாமல் நின்றது' என்று எங்களிடம் வரும் இன்ஜின்களில் பலவற்றுக்குக் காரணம் இன்ஜினுக்கு வெளியேதான் இருக்கிறது: டேங்கின் அடியில் சேரும் தண்ணீர், வெடித்த ரப்பர் குழாய், அடைத்த ஃபில்டர். புதிய இன்ஜினை வாங்கி அதே டேங்கிலும் அதே குழாயிலும் மாட்டினால் அதுவும் நிற்கும். ஆகவே மாற்றினாலும் சரி, பிரித்தாலும் சரி, டேங்கைக் கழுவிக் குழாயைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிராங்க் ஷாஃப்ட்டும் கிராங்க் கேஸும் முடிவைச் சொல்லட்டும். ரிங், பிஸ்டன், வால்வு, நாசில், பம்ப் எலிமென்ட் (டீசல் பம்பின் உள்பாகம்) ஆகிய அனைத்தும் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட சாமான்கள். அவை தேய்ந்ததற்காக இன்ஜினைக் கைவிட வேண்டியதில்லை. கிராங்க்கை 0.25 மி.மீ. வீதம் குறைத்து மதுரையில் கிரைண்டிங் செய்துகொண்டு வரலாம். அந்தக் குறைந்த அளவுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கும்வரைதான் அந்த வழி திறந்திருக்கும். கடைசி அளவையும் தாண்டிய கிராங்க், விரிசல் விட்ட கேஸ், கம்பெனியே சாமான் விடுவதை நிறுத்திவிட்ட மாடல் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் நான் புதிதாக வாங்கவே சொல்வேன். வேலை இழப்பது என் பட்டறைதான் என்றாலும், அப்படிப்பட்ட இன்ஜினைக் கோத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. கைமாறிய பழைய இன்ஜின் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். என் கண்முன் ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் பார்க்கலாம். பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, உப்பு. காற்றால் குளிரும் இன்ஜினில் பேரலைச் சுற்றியுள்ள துடுப்புகளின் (வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளின்) இடைவெளிகளில் உப்பும் ஆயில் பிசுக்கும் மணலும் சேர்ந்து இறுகிவிடும். வெப்பம் வெளியேற வழியின்றிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தத் தகடுகளை மறைக்கும் மூடியைக் கழற்றி ஆண்டுக்கு ஒருமுறை கம்பி பிரஷ் போட்டிருந்தால் பிழைத்திருக்கும் பேரல்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அலுமினியத்தில் இறங்கிய இரும்பு ஸ்டட்டை (தலையில்லா போல்ட்டை) சுற்றி வெள்ளைத் தூள் கட்டியிருந்தால், கழற்றும்போது மரையோடு சேர்ந்தே வந்துவிடும். அதற்கு ஹெலிகாயில் (மரைக்கான கம்பிச் சுருள்) போட்டுப் புதிய மரை எடுக்கலாம். அதற்காக யாரும் கேஸைத் தூக்கி எறிய வேண்டாம்.

இரண்டாவது, கடலில் மூழ்கிய இன்ஜின். நின்ற நிலையில் மூழ்கியதா, ஓடும்போது தண்ணீரைக் குடித்ததா என்று முதலில் கேட்பேன். நின்ற நிலையில் மூழ்கி அன்றைக்கே கரைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அவசரப்பட்டுக் கைப்பிடியைச் சுற்றாமல், இன்ஜெக்டரைக் கழற்றி, தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பிறகு டீசலில் அலசி, புதிய ஆயில் ஊற்றி ஓடவிட்டு, சிறிது நேரத்தில் அந்த ஆயிலையும் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று மணலில் போட்டுவைத்த இன்ஜினில் பேரிங்கும் கிராங்க்கும் ஓர் இரவிலேயே துருப் புள்ளி வைத்துவிடும். ஓடும்போது குடித்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தால், வழக்கமாக நிற்க வேண்டிய உயரத்துக்குக் கீழேயே அது நின்றுவிடும். ராட் மட்டும் வளைந்திருந்தால் மாற்றலாம். ராட் உடைந்து கேஸைக் குத்தியிருந்தால் பேச்சு முடிந்தது.

பாம்பன் உறுப்பினர்:

நன்றி அண்ணன். காக்கா சொன்ன பிறகு எங்கள் இன்ஜினின் நான்கு கால்களையும் துடைத்துப் பார்த்தேன், விரிசல் இல்லை. ஒரு சந்தேகம்: 0.50 போட்டாயிற்று. அடுத்த முறை தேய்ந்தால் இன்னும் போர் பண்ண இடமிருக்கிறதா, அல்லது அப்போது மாற்றியே ஆக வேண்டுமா?

மண்டபத்தில் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர்:

தம்பி, உங்கள் மாடலுக்கு 0.75, 1.00 பிஸ்டன்கள் கடையில் கிடைக்கின்றனவா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாடலுக்கும் வருவதில்லை. கிடைக்காவிட்டால் பேரலை மட்டும் புதிதாகப் போடலாம். காற்றால் குளிரும் இன்ஜினில் அது தனியாகக் கழன்று வரும் சாமான்தானே. கிராங்க் பின்னுக்குப் பட்டறையில் எடுத்த அளவை ஒரு காகிதத்தில் எழுதி, வள்ளத்தின் பதிவுக் காகிதத்தோடு வைத்திருங்கள். அடுத்த முறை பிரிக்கிறவர் அதையும் அன்றைய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிராங்க் பின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணக்காகச் சொல்லிவிடுவார்.