டிஎஸ்-520எஸ்: ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். தாய்மாமா விட்டுப்போன கென்வுட் டிஎஸ்-520எஸ் ஹாம் ரேடியோ செட் (அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி) போன ஆடியில் என்னிடம் வந்தது. பத்து வருஷம் பரண்மேல் கிடந்த பெட்டி. வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல மெல்ல மின்சாரம் ஏற்றி எழுப்பினேன். ரிசீவ் அருமை, ஒரு வால்வும் போகவில்லை.

ஆனால் அலைவரிசை நிற்பதில்லை. காலை ஆறு மணிக்குப் போட்டு 7.100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எல்எஸ்பியில் (கீழ்ப்பக்கப் பட்டையில் பேசும் முறை) உட்கார்ந்தால், பேசுகிறவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்று மெலிகிறது. டயலைக் கீழே இறக்கினால் சரியாகிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் இறக்க வேண்டியிருக்கிறது. நடுநடுவே சொல்லாமல் கொள்ளாமல் 200, 300 ஹெர்ட்ஸ் குதிக்கிறது, சில சமயம் தானே திரும்பியும் விடுகிறது. மாமா இருந்திருந்தால் ஒரு தட்டு தட்டிச் சரிபண்ணியிருப்பார்.

விஎஃப்ஓவில் (டயலைத் திருப்பினால் அலைவரிசையை மாற்றும் ஆசிலேட்டர்) இருக்கும் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடு என்கிறார் நண்பர். சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருக்கிறது. இறங்கலாமா?

பழைய_வால்வு எழுதியது:

முதலில் அயர்னை அணைங்க தம்பி.

நீங்க ஒரே வியாதி மாதிரி எழுதியிருக்கீங்க, இது ரெண்டு. மெதுவாக நகர்வது சூட்டினால். குதிப்பது எங்கேயோ தொடர்பு விட்டு விட்டுச் சேர்வதால். குதிப்பை நிறுத்தாமல் நகர்வை அளக்கவே முடியாது, அதனால் குதிப்புதான் முதல் வேலை.

குதிப்பது விஎஃப்ஓதானா என்று பாருங்க. ஆன்டெனாவைக் கழற்றிட்டு செட்டுக்குள்ளேயே 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாகச் சிக்னல் தருகிற மார்க்கரைப் போட்டு, ஒரு கிலோஹெர்ட்ஸ் விசில் வருகிற மாதிரி டயலை வைங்க. செல்போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்று ஓடட்டும். இதையே 80 மீட்டரிலும் 20 மீட்டரிலும் செய்ங்க. ஒரு பேண்டில் மட்டும் குதித்தால் அந்தப் பேண்டின் கிரிஸ்டல் அல்லது பேண்ட் சுவிட்ச். எல்லாவற்றிலும் குதித்தால் பெரும்பாலும் விஎஃப்ஓ. ஆர்ஐடியை, அதாவது கேட்கிற அலைவரிசையை மட்டும் கொஞ்சம் நகர்த்துகிற குமிழை, அணைத்துவிட்டுச் சோதிங்க. அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் அழுக்காக இருந்தாலும் இதே கூத்துதான். விஎஃப்ஓவுக்குப் போகிற ரெகுலேட்டட் சப்ளையையும் குதிக்கிற நேரத்தில் மீட்டரில் பார்த்துடுங்க.

எல்லாம் பார்த்தும் குதித்தால் என் சந்தேகம் டியூனிங் கேங் மேல், டயலோடு சுழலுகிற தகட்டுக் கெப்பாசிட்டர் அது. சுழலுகிற தகடுகளுக்கு எர்த் கிடைப்பது ஷாஃப்ட்டை உரசி நிற்கும் மெல்லிய ஸ்பிரிங் விரல் வழியாகத்தான். நாற்பத்தஞ்சு வருஷத்துக் கிரீஸ் அங்கே கெட்டியாகி உட்கார்ந்துடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதக் கீற்றை விரலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே விட்டு இழுங்க. டபிள்யூடி-40 பக்கம் போகவே வேண்டாம், தகடுகள் நடுவே எண்ணெய் போனால் டயல் கணக்கே மாறிடும். தின்னரும் வேண்டாம். பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டர் இருந்தால் கரைந்துடும், அயர்ன் முனை பட்டாலும் உருகிடும். விஎஃப்ஓ போர்டைப் பிடிக்கிற திருகுகளையும் ஒருமுறை இறுக்குங்க, எர்த் அது வழியாகவும்தான் போகுது.

இன்னொன்று. அனுப்புகிற கடைசிக் கட்ட (ஃபைனல்) வால்வுகளுக்கு சுமார் 800 வோல்ட் போகுது. பிளக்கைப் பிடுங்கிட்டு, டீ குடிச்சிட்டு வந்து, கெப்பாசிட்டர் வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்கணும். 1980-களில் அவசரப்பட்டு வாங்கின அடி எனக்கு இன்னும் முழங்கையில் ஞாபகம் இருக்கு.

யாழ்_சிற்றலை எழுதியது:

அண்ணை, இவ்வளவு பாடுபட வேணுமே? அலைவரிசை உருவாக்கிற எஸ்ஐ5351 சிப் போர்டும் அதை ஓட்ட ஒரு ஆர்டுயினோவும் போதும். விஎஃப்ஓவின்ரை 5.5 இலிருந்து 4.9 மெகாஹெர்ட்ஸ் வரை அதிலேயே எடுத்துப் பின்பக்க வெளி விஎஃப்ஓ சொக்கெற்றில குடுத்தால் கதை முடிஞ்சுது. நான் என்ரை செற்றில அப்பிடித்தான் செய்தனான், பாறை மாதிரி நிக்குது.

பழைய_வால்வு எழுதியது:

நிற்கும் தம்பி, மறுக்கலை. ஆனால் இவர் மாமா திருப்பின டயலைத் திருப்பணும்னுதானே இந்தப் பெட்டியை வைத்திருக்கார். உள்ளே கை வைக்காமல் நகர்வை அடக்கணும்னா நெதர்லாந்தின் கிளாஸ் ஸ்பார்கேரன் (அழைப்புக்குறி பிஏ0கேஎஸ்பி) 1970-களில் கொடுத்த 'ஹஃப் அண்ட் பஃப்' சுற்று இருக்கு. விஎஃப்ஓவை ஒரு கிரிஸ்டலோடு ஒப்பிட்டு வேரக்டரை (வோல்ட்டுக்கேற்பக் கெப்பாசிட்டன்ஸ் மாறும் டயோடு) கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மெதுவான நகர்வுக்கு அது சரி. 300 ஹெர்ட்ஸ் ஒரேயடியாகக் குதித்தால் பக்கத்துப் படியைப் பிடித்துக்கொண்டு அதுதான் சரியான இடம் என்று நின்றுவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, ரெண்டு ஞாயிறு போச்சு. மூன்று பேண்டிலும் ஒரே மாதிரி குதித்தது. ஆர்ஐடி அணைத்தும் குதித்தது. சப்ளை அசையவில்லை. மூடியைத் திறந்து பேனா மூடியால் கேங்கின் பின்பக்கத்தை மெல்லத் தொட்டதும் விசில் துள்ளியது பாருங்கள், எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஸ்பிரிங் விரலுக்கடியில் இருந்தது கிரீஸே இல்லை, காய்ந்த பெருங்காயம். முதல் மூன்று கீற்று கறுப்பாக வந்தது, நாலாவது பழுப்பு, ஆறாவது வெள்ளை. டயலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை சுற்றினேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஒரு குதிப்பும் இல்லை.

நகர்வு மட்டும் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் 900 ஹெர்ட்ஸ், அதன்பின் அரை மணிக்கு 150. சீலிங் ஃபேனைப் போட்டால் 60 ஹெர்ட்ஸ் திரும்பி வருகிறது. இப்போது கெப்பாசிட்டர் மாற்றலாமா?

பழைய_வால்வு எழுதியது:

கையேட்டுக் கணக்கே முதல் ஒரு மணி நேரத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் வரை, பிறகு எந்த அரை மணியிலும் 100-க்குள். கிட்டத்தட்ட வந்துட்டீங்க.

டயலைக் கீழே இறக்க வேண்டியிருக்குன்னு சொன்னீங்க இல்லையா, அதாவது ரிசீவ் மேலே ஏறுது. இந்த செட்டில் விஎஃப்ஓ தலைகீழ்: 7.000-க்கு சுமார் 5.5 மெகாஹெர்ட்ஸ், 7.100-க்கு 5.4. ஆக, சூடேறும்போது விஎஃப்ஓ இறங்குது. கம்பிச்சுருள் (காயில்) விரிந்து இண்டக்டன்ஸ் கூடினால் நடக்கிறது அதுதான். ஈடுகட்ட சூட்டில் குறைகிற கெப்பாசிட்டர் வேணும், தலையில் கத்திரிப்பூ நிறம் வைத்த என்750 ரகம். ஆனால் கை தாராளம் வேண்டாம். சுற்றில் மொத்தம் 200 பைக்கோஃபாரட் என்று வையுங்க. 10 பைக்கோஃபாரட் என்பிஓவை (சூட்டில் மாறாத ரகம்) எடுத்துட்டு என்750 போட்டாலே டிகிரிக்கு 100 ஹெர்ட்ஸ் மேலே தள்ளும், எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிச்சுடும். உங்களுக்கு அதைவிடக் குறைவாக மாற்றினாலே போதும்.

நானாக இருந்தால் ஃபேனை மட்டும் நிறுத்திட்டு, நெட்டுக்கு (ஹாம்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசுவது) ஒரு மணி நேரம் முன்னாடி செட்டைப் போட்டுடுவேன்.

காவிரிக்கரை எழுதியது:

அப்படியே செய்தேன். இன்று காலை நெட் முழுக்க டயலைத் தொடவில்லை. அயர்னைத் துடைத்து உள்ளே வைத்தாச்சு. மேல்மூடித் திருகு ஒன்றை மட்டும் காணோம், கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறேன். 73 (ஹாம்களின் வாழ்த்து).