சின்ன ஆபீசைத் தேடி ஹேக்கர் வருவானா?

மஞ்சக்குப்பம் கணக்கர்:
கடலூரில் வரிக்கணக்கு பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. மழை, புயல் என்றால் பையன்கள் வீட்டிலிருந்தே கணக்கு மென்பொருள் டேலி இருக்கும் சர்வரை இணையம் வழியாகத் திறந்து வேலை பார்ப்பார்கள். அதை மூடச் சொல்லித் தெரிந்த தம்பி ஒருவர் நச்சரிக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. ஹேக்கர் பணம் புழங்கும் இடத்தைத்தான் குறிவைப்பான். 2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் போனது. 2018இல் நம் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியில் வங்கிகள் ஒன்றுக்கொன்று பணப்பரிமாற்றத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலிப் பரிமாற்றம். வங்கியை விட்டுவிட்டு என் பேலன்ஸ் ஷீட்டுக்கு எவன் வருவான்?

தட்டாஞ்சாவடி நெட்வொர்க்:
சார், அவர்கள் ஒரு வகை. பங்களாதேஷில் மாதக்கணக்கில் உள்ளேயே பதுங்கியிருந்து, வார விடுமுறை பார்த்து அடித்தார்கள். இன்னொரு வகை ஆளைத் தேடுவதே இல்லை. இணைய முகவரிகளை ஒன்றுவிடாமல் ஒரு நிரல் தட்டிக்கொண்டே போகும். தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட் திறந்திருந்தால் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அது வங்கியா, ஆடிட்டர் ஆபீசா என்று அந்த நிரலுக்குத் தெரியாது. கதவு திறந்த பிறகுதான் மனிதன் வந்து, இங்கே எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிறான். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் 150 நாடுகளில் பரவியதும் யாரையும் பார்த்துப் பொறுக்கி அல்ல. மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட்டைப் போடாதவர்கள் மாட்டினார்கள்.

மஞ்சக்குப்பம் கணக்கர்:
சரி, உள்ளே வரட்டும். கடைசியில் கொடுக்க வசதி உள்ளவனைத்தானே பிடிப்பான்? அமெரிக்காவில் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன் ஹேக்கர்களுக்கு 44 லட்சம் டாலர் கொடுத்தது. என்னிடம் என்ன கறப்பான்?

முத்தியால்பேட்டை வாசகி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள் ஐயா. உங்களிடம் இருப்பது உங்கள் பணம் மட்டும்தானா? வாடிக்கையாளர்களின் பான், ஆதார், ஜிஎஸ்டி லாகின், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அந்த சர்வரில்தானே? உங்கள் மெயிலிலிருந்து வைரஸ் வைத்த ஒரு ஃபைல் போனால் சிப்காட் கம்பெனிக்காரர் யோசிக்காமல் திறப்பார். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரம் திருடு போனது, அவர்களுக்குக் குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்ததாரரின் லாகின் வழியாக. அந்த ஒப்பந்ததாரரும் சின்ன ஆள்தான்.

தட்டாஞ்சாவடி நெட்வொர்க்:
அக்கா சொன்னதுதான் பெரிய ஆபத்து. இன்னொன்று, அவன் வசதியை மட்டும் பார்ப்பதில்லை, அவசரத்தையும் பார்க்கிறான். மருத்துவமனைகளை விடாமல் தாக்குவது அதனால்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் நாட்கணக்கில் கையால் சீட்டு எழுதியது. செப்டம்பர் 30 வரித் தணிக்கைக் கெடுவுக்கு முந்தைய வாரம் உங்கள் ஃபைல் எல்லாம் பூட்டிக்கொண்டால் எவ்வளவு கொடுப்பீர்கள் சார்?

மஞ்சக்குப்பம் கணக்கர்:
அந்த வாரம் கேட்டதைக் கொடுப்பேன், மறுக்கவில்லை. ஆனால் சர்வரை மூடினால் மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். அதற்கு நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

தட்டாஞ்சாவடி நெட்வொர்க்:
மூட வேண்டாம் சார். நேரடியாகத் திறந்து வைக்காமல், விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாக மட்டும் விடுங்கள், மொபைலுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்போடு. கலோனியலில் புகுந்ததே அந்தச் சரிபார்ப்பு இல்லாத பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை அன்றன்றே கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.