வெளிச்செலவா, மறைசெலவா, பிறர்சுமையா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு தொழிலால அடுத்தவங்க தலையில விழற செலவுக்கு, அதாவது இங்கிலீஷ்ல 'external cost'ங்கறதுக்கு, தமிழ்ல எந்தச் சொல் வைக்கலாம்ங்கற பேச்சுக்கு என் பதில் இது. அதுக்கு வந்த 'வெளிச்செலவு' எனக்கு ஒத்து வரல. எங்க ராணிப்பேட்டை பக்கம் வெளிச்செலவுன்னா பஸ்ஸுக்கும் டீக்கும் ஆகற காசுன்னுதான் எடுத்துக்குவாங்க. 'மறைசெலவு' கேக்க நல்லாருக்கு, ஆனா யாருக்கு மறைஞ்சிருக்கு? கரண்ட் பில்லுல இல்ல, அவ்ளோதான். எண்ணூர் கழிமுகத்துல அனல் மின் நிலையச் சாம்பல் படிஞ்சு மீன்பாடு போன மீனவருக்கு அது கண்ணெதிர்லயே கிடக்கு.

1920லயே பொருளாதார அறிஞர் பிகூ சொன்னது இதுதானே, ஆலைப் புகையால ஊர்க்காரங்களுக்குத் துணி வெளுக்கற செலவு கூடுது, ஆலைக் கணக்குல அது வர்றதில்லன்னு. வாணியம்பாடி பக்கம் எங்க பெரியம்மா வீட்டுக் கிணத்துல தோல் கழிவு இறங்கி, மொண்டு வச்ச குடத்துல வெள்ளையா உப்பு பூக்கும், அந்தத் தண்ணில பருப்பு வேகாது. "செருப்பு எவனோ போட்னு போறான், தண்ணிக்கு நான் துட்டு குடுக்கறேன்"னு கேன் வாங்கும்போதெல்லாம் சொல்லுவாங்க. மாசு பண்றவங்களே ஈடு கட்டணும்னு 1996ல உச்சநீதிமன்றம் சொன்னதும் வேலூர் தோல் கழிவு வழக்குலதான்.

அதனால நான் 'பிறர்சுமை'ன்னு வைக்கறேன், யார் தலையில விடியுதுன்னு சொல்லுக்குள்ளயே இருக்கு. 'அனல் மின்சாரத்தின் பிறர்சுமை மதிப்பீடு'ன்னு போட்டுப் பாருங்க. ஒரு யூனிட்டுக்கு 600-700 கிராம் நிலக்கரி எரியுது, நம்ம நாட்டு நிலக்கரில மூணுல ஒரு பங்கு போல சாம்பல், அப்போ யூனிட்டுக்குக் கால் கிலோ கிட்ட சாம்பல், அத எங்க கொட்டறாங்க, கெட்டுப்போன நிலத்துக்கு என்ன விலை, மூச்சிரைப்புக்கு ஆஸ்பத்திரி செலவு, வேலைக்குப் போக முடியாத நாளோட கூலி, எல்லாம் இந்தத் தலைப்புல அடங்கும்.

2010ல நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபா செஸ் (கூடுதல் வரி) போட்டு 2016ல 400 ஆக்குனாங்களே, அத 'பிறர்சுமையை விலையில் ஏற்றுதல்'னு சொன்னா பள்ளிக்கூடப் பசங்களுக்கும் புரியும். இதுக்கே 'internalisation'ங்கறத அப்படியே 'உள்வாங்குதல்'னு போட்டா, எத உள்வாங்கறதுன்னு முழிப்பாங்க.

ஒருத்தர் செய்யறதால அடுத்தவங்களுக்கு நல்லதும் நடக்குமே, அதுக்கு என்ன சொல்னு யாராவது கேட்டா அது நியாயம்தான். ஏரிய தூர்வாரினா பக்கத்துக் கொல்லைக் கிணறும் ஊறும், அது சுமை இல்ல. ரெண்டுக்கும் பொதுவா 'புறவிளைவு' இருக்கட்டும், கெடுதலுக்கு மட்டும் பிறர்சுமை. பருவநிலையக் கெடுக்கற கார்பனோட கணக்கு வரும்போது இனிமே பொறக்கப் போற பிள்ளைங்களும் அந்தப் 'பிறர்'ல சேர்ந்துடுவாங்க.

ஒண்ணு மட்டும், 'பிறர்சுமை'ய சேர்த்தே எழுதுங்க. பிரிச்சா வெறும் ரெண்டு வார்த்தையாப் போயிடும்.