ஏற்காட்டில் காட்டெருமை எதிரே வந்த அனுபவம் உண்டா?

குப்பனூர்க்காரன்:
போன மார்கழி. கரடியூர் பக்கம் எஸ்டேட் பாதை, காலை ஆறரை, பத்தடிக்கு மேல் தெரியாத பனி. நான் முன்னால், மாமனார் பின்னால். காப்பிச் செடிக்கு அடியில் வெள்ளை சாக்ஸ் போட்ட நாலு கால் தெரிந்தது. ஹாஸ்டல் பசங்க இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று நினைத்து "யாருப்பா அது?" என்றேன். "புஸ்" என்று ஒரு மூச்சு. இலையில் நின்ற பனித்துளியெல்லாம் என் சட்டையில் விழுந்தது. அப்புறம்தான் செடிக்கு மேலே கொம்பைப் பார்த்தேன்.

நான் ஓடவில்லை. ஆனால் திரும்பி, மாமனாரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தன் பாட்டுக்குச் சரிவில் இறங்கிப் போய்விட்டது. அவர் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் குடைகிறது.

அடிவாரம் 20:
முதலில் ஒன்று. அது காட்டெருமை இல்லை, காட்டுமாடு. பேப்பரில் எருமை என்று போட்டுப் போட்டு ஊரே அப்படிச் சொல்கிறது. மாட்டு இனம் அது, எருமை இனம் இல்லை. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருப்பது அதன் அடையாளம்.

நானும் பார்த்திருக்கிறேன், இரவு பைக்கில் இறங்கும்போது, ஒரு வளைவில் நடுரோட்டில் நின்றது. நின்றேன், போய்விட்டது. அவ்வளவுதான். நடப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதற்கு மோப்பம் அதிகம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். கூட்டமாக நிற்பதைவிட ஒற்றைக் காளைதான் ஆபத்து, ஒரு டன் வரை எடை வரும். கன்று இருந்தால் பக்கமே போகாதீர்கள். செல்ஃபி வேண்டாம், நாயைக் கூட்டிப் போகாதீர்கள். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் எஸ்டேட்டுக்குள் நுழையவே வேண்டாம். பைக்காக இருந்தால் லைட்டை அணைத்துவிட்டு

மிளகுக்கொடி:
லைட்டை அணைக்கச் சொல்லாதீர்கள் அண்ணா! இருபது ஹேர்பின் உள்ள ரோட்டில் பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் எப்படித் தெரிவீர்கள்? டிம் பண்ணினால் போதும்.

எங்கள் அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போவார். பெண்கள் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டேதான் வரிசைக்குள் இறங்குவார்கள். வெட்டிக்கதை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கூடவே போனேன். பேச்சு சட்டென்று நின்றது. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றியிருந்த மிளகுக்கொடி ஆடிக்கொண்டிருந்தது, காற்றே இல்லை. மரத்தில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது அது. அம்மா என் வாயைப் பொத்திய கையில் காப்பிப் பழத்தின் பிசுபிசுப்பு. இப்போதும் அந்த வாசனை வந்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

அடிவாரம் 20:
அணைத்துவிட்டு பார்க்கிங் லைட் போடச் சொல்ல வந்தேன், அதற்குள் அனுப்பிவிட்டது. நாய் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

குப்பனூர்க்காரன்:
சார், நாய் இருக்கட்டும். மாமனார் பொங்கலுக்கு வருகிறார். நானே பேச்செடுக்கவா, விட்டுவிடவா?