ஜிம்ப் பழகுவது: பழைய குடும்பப் படங்களைச் சரிசெய்பவர்களின் அனுபவப் பகிர்வு

போட்டோஷாப்புக்கு மாதாமாதம் பணம் கட்ட இயலாதவர்கள் தயவுசெய்து 'கிராக்' பதிப்பைத் தேடிப் போகாதீர்கள். வைரஸ் ஏறினால் படங்கள் எல்லாமே போய்விடும். ஜிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருள் முழுக்க இலவசம். அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளைத் தொட வேண்டாம்.

2025 மார்ச்சில் ஜிம்பின் 3.0 பதிப்பு வந்தது. யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் பல 2.10க்கானவை என்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். பழையதில் பேஸ்ட் செய்தால் 'ஃப்ளோட்டிங் செலக்‌ஷன்' ஆகி, அதை நிலைப்படுத்தும்வரை வேறு எதுவும் செய்ய விடாது. 3.0இல் நேரே புது லேயராக (படத்தின்மேல் தனி அடுக்காக) வந்துவிடும். ஃபில்டர்களும் இப்போது லேயரின்மேல் தனியாக நிற்கின்றன, பிறகு திருத்தலாம்.

---

பழைய படம் சரிசெய்பவர்களுக்கு: பாதி வேலை ஸ்கேனரிலேயே முடிகிறது. 2×3 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 1200×1800 பிக்சல், மேக்ஸி சைஸ் (4×6 அங்குல) பிரின்டுக்குப் போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பதிவாகும். மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அடர்த்தியாக விழும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால் பாதிக் கறை தானாக மறையும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

சிவந்துபோன பழைய கலர் படங்களில் பெரும்பாலும் சயான் (நீலப்பச்சை) சாயம் மங்கியிருக்கும். 'கலர்ஸ் > லெவல்ஸ்' திறந்து, சிவப்புச் சேனலில் கறுப்பு முக்கோணத்தை வரைபட மேடு தொடங்கும் இடம்வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். பச்சை, நீலத்துக்கும் அப்படியே. மூன்றையும் ஒன்றாக இழுத்தால் சிவப்பு அப்படியே நிற்கும்.

கீறல், மடிப்புக்கு ஹீல் கருவி (விசை எச்): நல்ல இடத்தை எடுத்து, சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஒட்டும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தில் ஒரு கிளிக், பிறகு கீறல்மேல் சின்னச் சின்னதாகத் தொடுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தோல் மெழுகு பூசியதுபோல் ஆகும். சேலைக் கரை, முடி ஓரம் போல வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில் ஹீல் நிறத்தைக் கசியவிடும். அங்கே கலக்காமல் அப்படியே நகலெடுக்கும் குளோன் (விசை சி) எடுங்கள். முகத்தில் இல்லாத கண்ணையோ புன்னகையையோ வரைந்து சேர்க்காதீர்கள். அது அந்த மனிதரின் முகம்.

---

அடிக்கடி கேட்கப்படும் ஒன்று: "பிரஷ் வேலை செய்யவில்லை." திரைக்கு வெளியே எங்கோ சின்ன செலக்‌ஷன் ஒன்று மிச்சமிருக்கும். கன்ட்ரோல்+ஷிப்ட்+ஏ அழுத்துங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் லேயருக்குப் பதில் மாஸ்க் (லேயரின் பகுதிகளை மறைக்கும் திரை) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அழிப்பான் வெள்ளை பூசுகிறது என்றால் அந்த லேயரில் ஆல்ஃபா சேனல் (எந்த இடம் ஒளிபுகும் என்று குறிப்பது) இல்லை. ஜேபெக்கில் அது இருக்காது. 'லேயர் > டிரான்ஸ்பரன்சி > ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுத்துச் சேருங்கள்.

---

படத்தின் அடியில் பெயர், வருடம் போடுபவர்களுக்கு: ஜிம்பில் யூனிகோட் தமிழ் சரியாக வரும். நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பழைய போட்டோஷாப்பில் 'கொ'வின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். பிரிஃபரன்ஸஸில் எழுத்துப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழித் தேர்வை வைத்து, மூடித் திறந்து, பாராகிராஃப் பேனலில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுங்கள். பாமினி எழுத்துரு யூனிகோட் அல்ல, அதில் யூனிகோடைத் தட்டினால் வராது.

---

சேமிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வேலைக் கோப்பு எக்ஸ்சிஎஃப் (ஜிம்பின் சொந்தக் கோப்பு வகை) ஆகவே இருக்கட்டும், லேயர்கள் அதில்தான் நிற்கும். ஸ்டுடியோவுக்குக் கொடுக்க மட்டும் கன்ட்ரோல்+ஷிப்ட்+ஈ, ஜேபெக், தரம் 90க்கு மேல். ஜேபெக்கையே திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் தேயும்.

பாஸ்போர்ட் அளவு 35×45 மி.மீ. என்பது 300 டிபிஐயில் 413×531 பிக்சல். 1800×1200 பிக்சல் (மேக்ஸி சைஸ்) தாளில் நான்கு வீதம் இரண்டு வரிசை, எட்டுப் படம் அடங்கும். தாளுக்கேற்பப் பெரிதாக்காமல் அப்படியே அச்சிடும்படி கடையில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அளவு மாறிவிடும்.