எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுத்து 40 நாளில் பாம்பன் பாலத்தில் பிரேக் போச்சு, அப்புறம் அந்தச் சான்று எதற்கு?

தங்கச்சிமடம் லோடுவண்டி:

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு 2015 மாடல் குட்டியானை (சின்ன லோடு வண்டி) வாங்கினேன். விற்றவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எஃப்.சி. இப்பத்தான் முடிஞ்சிருக்கு தம்பி, ஒரு வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்." தாளைப் பார்த்தேன், தேதி சரி. வண்டியும் பளபளவென்று இருந்தது, அடியில்கூடக் கறுப்புப் பெயிண்ட்.

போன வாரம் நண்டும் நகரை மீனும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மண்டபம் பக்கம் போகும்போது, பாலத்தின் மேட்டிலிருந்து இறங்குகிற இடத்தில், முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் ஓரம்கட்டி ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தால் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, எப்படியோ வேனுக்கு நாலடி முன்னால் நின்றேன். கை நடுக்கம் அடங்கவே அரை மணி நேரம் ஆனது. பார்த்தால் பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டையாகி ஆயில் ஒழுகியிருக்கிறது.

என் கேள்வி இதுதான். 40 நாளுக்கு முன்னால் ஒரு ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வண்டி இது. அவர் எதைப் பார்த்தார்? பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டாரா, இல்லை எஃப்.சி. என்பதே இவ்வளவுதானா?

தொண்டிக்காரன்:

கவர் கொடுத்திருப்பாங்க தம்பி, இதில் என்ன ஆராய்ச்சி. எங்கள் பக்கம் எஃப்.சி.க்குப் போகும் அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய், சாயங்காலமே கழற்றித் திருப்பிக் கொடுத்த ஆளை எனக்குத் தெரியும்.

உச்சிப்புளி மெக்கானிக்:

தொண்டி அண்ணே சொல்கிறது நடக்காமல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் லஞ்சமே இல்லாவிட்டாலும் அந்தப் பைப் பாஸ் ஆகியிருக்கும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

எஃப்.சி.யில் பிரேக், ஸ்டியரிங், லைட், ஹாரன், டயர், வைப்பர், ஒளிரும் ஸ்டிக்கர், புகைச் சான்று இதெல்லாம் பார்ப்பார்கள். எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. காலி வண்டியை ஓட்டிப் பிரேக் அடிக்கச் சொல்வார்கள், நிற்கும். உன் வண்டியும் அன்றைக்கு நின்றிருக்கும். காலி வண்டி நிற்பதும், முக்கால் டன் மீனும் ஐஸும் ஏற்றி இறக்கத்தில் நிற்பதும் ஒன்றா? சில லோடு வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பி இணைத்து, சுமைக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருக்கும். நம் ஊரில் அந்தக் கம்பி துருப்பிடித்து இறுகி ஒரே இடத்தில் நின்றுவிடும். காலி வண்டியில் அது தெரியவே தெரியாது.

பைப் விஷயம் இன்னும் மோசம். இரும்புப் பைப்பைச் சேஸிஸோடு கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் அந்தக் கிளிப்புக்குள்தான் தங்கும். வெளியே பைப் நன்றாகத் தெரியும், கிளிப்புக்கு அடியில் தாள் மாதிரி மெலிந்திருக்கும். அதன் மேல் கறுப்புப் பெயிண்டும் அடித்துவிட்டால் எந்த ஆய்வாளர் கண்ணுக்கும் தெரியாது. நானே குழியில் இறங்கிப் பார்த்தாலும் கிளிப்பைக் கழற்றாமல் சொல்ல மாட்டேன். உனக்கு ஒரு லைன் போனாலும் இன்னொரு லைன் வேலை செய்திருக்கிறது, அதனால்தான் பாதிப் பெடலிலாவது வண்டி நின்றது. அதுவும் போயிருந்தால் நீ இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டாய்.

இன்னொன்று. தடைக்காலத்தில் 61 நாள் வண்டி சும்மா நிற்கும், அப்போதுதான் எல்லோரும் டிங்கரிங், பெயிண்டிங் முடித்து எஃப்.சி. எடுப்பார்கள். அதே சமயம்தான் கச்சான் காற்று உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வந்து வண்டி அடியில் ஒட்டும். பெயிண்டுக்கு உள்ளே துரு அதுபாட்டுக்கு வேலை செய்யும்.

கீழக்கரை வாசகர்:

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், நான் பத்து வருடம் வண்டிக் காகித வேலை பார்த்தவன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 56ஆவது பிரிவு. எஃப்.சி. இல்லாத டிரான்ஸ்போர்ட் வண்டி முறையாகப் பதிவானதாகவே கருதப்படாது, அதனால் விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். புது வண்டிக்கு இரண்டு வருடம், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடாவருடம். உன்னுடையது 2015 என்பதால் வருடாந்திரம். ஆனால் இது வண்டிக்கான வாரண்டி கிடையாது. விதிப்படி இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்துச் சொன்னது, அவ்வளவுதான். நடுவில் வண்டி கெட்டால் சான்றை ரத்து செய்யவும் அதே பிரிவில் அதிகாரம் இருக்கிறது, யார் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

விற்றவர் மேல் போகலாமா என்றால், பெயிண்ட் அடித்ததை நிரூபித்துவிடலாம், துரு தெரிந்தே அடித்தார் என்பதை நிரூபிப்பதுதான் பாடு.

அதற்காக ஆய்வையே தள்ளிவிடவும் மனது வரவில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள், அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது. குனிந்து பார்த்தாலே தெரிகிற ஓட்டை அது. அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உன் பைப் மறைந்திருந்த குறை, அந்த ஓட்டை கண்ணெதிரே இருந்த குறை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

தொண்டிக்காரன்:

அப்போ மெஷின் வைத்துச் சோதித்தால் சரியாகிவிடும்தானே? தானியங்கிச் சோதனை நிலையம் என்று 2021லேயே மத்திய அரசு விதி போட்டார்களே.

உச்சிப்புளி மெக்கானிக்:

கவர் பிரச்சினைக்குக் கொஞ்சம் மருந்து அது. உருளை மேல் சக்கரத்தை ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையில் பிடிக்கிறது, இடது வலது வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பைப் மெலிந்திருப்பதை அதுவும் காட்டாது அண்ணே, உடையும் வரை அழுத்தம் முழுசாகத்தான் போகும்.

தங்கச்சிமடம் லோடுவண்டி:

கீழக்கரைக் காக்காவுக்கும் மெக்கானிக் அண்ணனுக்கும் நன்றி. ஆய்வாளரை மனதுக்குள் நிறையத் திட்டிவிட்டேன், பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதி பாதி இருக்கட்டும், டயரை எல்லாம் அவர் உண்மையிலேயே பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். இப்போது ஒரு பைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதை எப்படிச் சோதிப்பது? சேஸிஸும் சந்தேகமாக இருக்கிறது.

உச்சிப்புளி மெக்கானிக்:

ஒரு பைப் போயிருந்தால் மற்றதும் அதே வயசு, எல்லாவற்றையும் மாற்று. செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் கூடக் காசு ஆனாலும் அதையே போடு, துருப்பிடிக்காது. வெறும் செம்புப் பைப் போடாதே, அதிர்வில் வெடித்துவிடும். பிரேக் ஆயிலையும் முழுசாக மாற்று, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் கடற்கரையில் கேட்கவே வேண்டாம். சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ, நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் தப்பென்று கேட்கும். தப்பென்ற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தை விடாதே. லோடு இறக்கியதும் தினமும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவு, உங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று தெரியும், ஒரு குடமாவது ஊற்று.

திங்கட்கிழமை காலையில் கடைக்குக் கொண்டுவா. லோடு இல்லாமல் வா, மெதுவாக வா. அதற்குள் அடியில் புதுப் பெயிண்ட் எதுவும் அடித்துவிடாதே.